இரண்டு மணிச் சைரனும் காணாமல் போன கெண்டைகளும்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த டீக்கடைக்குள் கோவிந்தம்மா மீன்கூடையோடு நுழைந்த வேகத்தில், பெஞ்சில் இருந்த இரண்டு பேர் டம்ளரோடு எழுந்து வழிவிட்டார்கள்.

"இன்னா கோபாலு, செங்கமலம் யக்கா எங்க? எங்க பொழப்பே போவப் போவுது, நீ டீ ஆத்திக்கினு கீற!"

செங்கமலம் உள்ளேதான் இருந்தார். கண்ணாடி பேக்டரியில் குவாலிட்டி செக்கிங் வேலை. ஓடுகிற லைனில் மயிரிழைக் கீறலைக்கூட ஒரே பார்வையில் பிடிக்கிற கண். அந்தக் கண்ணை நம்பித்தான் தொலைந்த கம்மலில் இருந்து கள்ளக் கையெழுத்து வரை ஊரார் அவரிடம் கொண்டு வந்தார்கள். அவரைத் தன் டிவிஎஸ் பிப்டியில் ஏற்றிக்கொண்டு அலைவது கடைக்காரர் கோபால். வயது ஐம்பது ஆகியும் அவசரம் குறையவில்லை.

"உக்காந்து சொல்லு" என்றார் செங்கமலம்.

கோவிந்தம்மா மூச்சு வாங்கியபடி, தொங்கிக்கொண்டிருந்த பொரி பாக்கெட் சரத்தில் கை வைத்தாள்.

"ஏய், அத தொடாத! பேக்டரி ஹாஸ்டல் பொண்ணுங்க ஆர்டர். ஜூன்லேர்ந்து டெய்லி நாப்பது பாக்கெட்டு பறக்குது" என்று கோபால் தடுத்தார்.

விஷயம் இதுதான். பக்கத்து ஏரிக்கரையில் ஒரு தனியார் மின் நிலையம் இருந்தது. இயந்திரத்தைக் குளிர்விக்க ஏரித் தண்ணீரை எடுத்து, சூடாகத் திருப்பி விடுவார்கள். அதனால் மீன் குறைகிறதா என்று பார்க்க மாதம் ஒரு சனிக்கிழமை மெர்சி என்ற ஆராய்ச்சியாளர் வருவார். மோட்டார் படகின் பின்னால் இழுவலை கட்டி, வெந்நீர் வாய்க்கால் முன்னே இருபது நிமிடம் இழுத்து, சிக்கிய மீனை எண்ணி அளந்து திரும்ப விட்டுவிடுவார். மே மாதம் நூற்று நாற்பத்து மூன்று மீன். ஆகஸ்டில் வெறும் ஒன்பது!

"சுடுதண்ணி விட்டு அவங்கதான் கொன்னுட்டாங்க" என்றார் கோபால்.

"கொன்னா செத்து மிதக்கும்ல, கோபாலண்ணா?" என்றார் செங்கமலம்.

"மிதக்கல யக்கா. வெடிகாலைல எங்க சங்கத்து ஆளுங்க வல போட்டா கூடை ரொம்புது. அதான் வெனை. சர்வேக்கு முன்னாடி நாங்க மொத்தமா வாரிடறோம்னு மீன்வளத்துறை ஆபீசர் அண்ணாதுரை சொல்றாரு. இந்த சனிக்கெழமையும் மீன் இல்லன்னா, ஏரில மீன் புடிக்கிற லைசென்ஸ் ரத்து. முப்பது குடும்பம் யக்கா!"

செங்கமலம் கூடையைப் பார்த்தார். "கெண்ட நல்லா கொழுத்துருக்கே. ஒண்ண அறு."

கோபாலுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் செங்கமலம் கேட்டது குடலைத்தான். அதற்குள் வெள்ளையாக, ஊறிப்போன பொட்டுப்பொட்டாக ஏதோ இருந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தார்.

மறுநாள் மெர்சியின் சர்வே நோட்டைப் புரட்டினார்கள். மே வரை வலை இறக்கிய நேரம் 10.12, 9.55, 10.20. ஜூனில் இருந்து மூன்று மாதமும் 2.00, 2.00, 2.00.

"பாத்தீங்களா, எவ்ளோ கரெக்டா வேல பண்றாங்க!" என்றார் கோபால்.

"மனுஷன் வாட்ச் பாத்து எறக்கினா ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன ஆவும்" என்றார் செங்கமலம்.

படகோட்டி யாக்கோபு தலையைச் சொறிந்தான். "மேடம் வாட்சு ஜூன்ல தண்ணில வுழுந்து நின்னுபோச்சு. ஆபீசர் சாரும் மத்தியானம் வந்தாத்தான் கையெழுத்து போடுவேன்னுட்டாரு. அதான் பேக்டரில ரெண்டு மணி ஷிப்ட் சைரன் ஊதனவொடனே வலய எறக்கிடுவேன்."

செங்கமலம் சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார்.

சனிக்கிழமை மதியம் எல்லோரையும் வாய்க்கால் முனைக்கு அல்ல, எதிர்க்கரை மதகுக்கு வரச் சொன்னார். அண்ணாதுரை பாலிஷ் போட்ட ஷூவோடு வந்து முகம் சுளித்தார். "சர்வே அங்க நடக்கணும்மா. இங்க இன்னா வேடிக்கை?"

"ஒரு அஞ்சு நிமிஷம், சார்."

சைரன் ஊதியது. ஏரி நடுவில் தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. ஒரு கோடு, இரண்டு கோடு, பத்துக் கோடு, எல்லாம் மதகை நோக்கி! பேக்டரி கேட்டில் இருந்து நீல யூனிபார்ம் பெண்கள் கரையேறி வருவதற்குள் மதகடியில் தண்ணீர் கொதிப்பது போல் கெண்டைகள் துள்ளின. ஒன்று எகிறி விழுந்ததில் அண்ணாதுரையின் சட்டை நனைந்தது. பெண்கள் பொரி பாக்கெட்டைப் பிரித்தார்கள்.

முன்னால் நின்ற மாரிசெல்வி பயந்துபோனாள். "தப்பாக்கா? எங்க ஊரு பக்கம் பாபநாசத்துல ஆத்து மீனுக்குப் பொரி போடுவோம். இங்க ஆறு இல்லல்லா, ஏரிதான கெடக்கு. வேல நெலைக்கணும்னு வேண்டிக்கிட்டு தெனமும் போடுதோம்."

"எப்பலேர்ந்து?"

"ஜூன்ல ஹாஸ்டலுக்கு வந்ததுல இருந்து."

செங்கமலம் அண்ணாதுரை பக்கம் திரும்பினார். "யாராவது வாரியிருந்தா கணக்கு ஒரே நாள்ல விழும் சார். இது தொண்ணூத்தாறு, நாப்பத்தொண்ணு, ஒம்போதுன்னு கொஞ்சங்கொஞ்சமா எறங்குது. மீன் சாவல, திருடும் போவல. பாடம் படிச்சிருக்கு. சைரன் கேட்டா சாப்பாடுன்னு மாசாமாசம் இன்னும் நெறைய மீன் கத்துக்கிச்சு. மீனெல்லாம் இங்க வந்து நிக்கறப்ப, அதே சைரனுக்கு நாம அங்க வாய்க்கால் முன்ன வல எறக்கறோம். குடல்ல இருந்தது ஊறின பொரி."

கோபாலின் வாய் பிளந்தது. "அப்ப... இத்தினி நாளா மீனுக்கு சாப்பாடு போட்டது என் கடையா?"

"யோவ், முப்பது குடும்பத்துக்கு வெச்சியே வேட்டு!" என்று கோவிந்தம்மா அவர் முதுகில் ஒன்று போட்டாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அண்ணாதுரை மட்டும் விடவில்லை. "கதை நல்லாருக்கு. வலையில காட்டுங்க."

நாலு மணிக்கு, பொரி தீர்ந்து மீன்கள் கலைந்த பிறகு, யாக்கோபு வாய்க்கால் முன்னே இழுவலையை இறக்கினான். இருபது நிமிடம் படகு வலையை இழுத்தது. வலையைத் தூக்கும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மெர்சி உரக்க எண்ணினார். நூறைத் தாண்டியதும் கரையில் இருந்த பெண்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். நூற்று ஐம்பத்தொன்று!

அண்ணாதுரை தானே ஷூவைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ரத்துக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைப் பையில் இருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு படகு விளிம்பில் நோட்டை வைத்து, கணக்கின் கீழே கையெழுத்துப் போட்டார்.

கோவிந்தம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னொரு தபா சொல்லு மேடம், எவ்ளோ?" என்றாள்.

மெர்சி சொன்னார். கோவிந்தம்மா கரையைப் பார்த்துத் திரும்பி, சங்கத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அந்த எண்ணைக் கத்தினாள்.