மங்களம் பாடாத கடைசிக் காட்சி

வகுப்பு மேடையில் விரித்த வெள்ளை வேட்டி இன்னும் தட்டையாகவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பத்மாசினி டீச்சர் கரும்பலகையை அழித்தபடியே அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். எழுந்து போனவள் உதறிவிட்டுப் போகக் கூடாதா என்று எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரமாக வேறெதுவும் அவளுக்கு வரவில்லை.

பத்தாம் வகுப்புக்கு அந்தப் பழைய சோக நாடகம் பாடம். தகப்பனே கொடுத்த நஞ்சைக் குடித்து இளவரசி சாகிறாள், அதோடு திரை. உரைநூலை உருப்போட வைக்காமல், கடைசிக் காட்சியைச் சொந்தமாக எழுதச் சொன்னாள். நாளை கல்வி அதிகாரி வருகிறார். அவர் முன்னால் இது தேறாவிட்டால் பழையபடி குறிப்பு எழுதிப்போட வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பிள்ளைகளோ ஒருத்தி விடாமல் செத்த இளவரசியை எழுப்பி, எல்லோரோடும் நிறுத்தி, மங்களம் பாட வைத்திருந்தார்கள். பேரையூர்ப் பக்கம் திருவிழா நாடகங்களில் அப்படித்தானாம். அத்தனையையும் சிவப்பு மையால் அடித்தாள். செத்தால் செத்ததுதான், அதற்குப் பேர்தான் சோகம் என்று தொண்டை வறளச் சொன்னாள்.

இன்று சாயங்காலம் ஒத்திகை. இளவரசியாகப் படுத்த செல்லத்தாய்மேல் வேட்டியைப் போர்த்தி, மற்றவர்கள் தாங்கள் எழுதியதை வாசித்தார்கள். முடிந்ததும் வேட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மங்களம் பாடுங்க டீச்சர், எந்திரிக்கணும்."

"அதெல்லாம் கிடையாது. எந்திரி."

"எங்க மாமா வேசம் கட்டுறவரு டீச்சர். பாடாம எந்திரிச்சா வேசம்தான் எந்திரிச்சுப் போகும், ஆளு அங்கனயே கெடக்கும்பாரு."

"அப்ப பஸ்ஸுல ரெண்டு டிக்கெட்டா எடுக்கணும்டி" என்றாள் இருளாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

பத்மாசினி மேசையைப் பிரம்பால் தட்டினாள். செல்லத்தாய் எழுந்தாள். வாசலில் திரும்பி, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றாள். அவள் கன்னத்தில் ரோஸ் பவுடர்.

பலகையைத் துடைத்த கை நின்றது. இது அரிதாரம் இல்லாத ஒத்திகை. யாரும் பவுடர் பூசவில்லை.

டியூப் லைட் ரீங்கரித்தது. புளியங்கிளை ஓட்டின்மேல் உரசி உரசி ஓய்ந்தது. சுண்ணாம்புத் தூள் வாடைக்கு அடியிலிருந்து, தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதாரத்தின் கனத்த வாடை மெல்ல மேலெழுந்து அவள் நாக்குவரை வந்து ஒட்டியது. மேடையில் வேட்டி, தலை இருக்கும் இடத்தில் உயர்ந்து, கழுத்தில் தாழ்ந்து, கால்விரல்களில் மறுபடி உயர்ந்திருந்தது.

"யாரும்மா அது?"

மேடையருகே போனாள்.

வேட்டியின் ஓரத்தில் ஒரு கை. சிவப்பு ரப்பர் வளையல். தொட்டாள். சில்லென்றிருந்தது.

விலக்கினாள்.

செல்லத்தாய். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

தான் சிவப்பு மையால் அடித்த மங்கள வரிகள்தான் நினைவுக்கு வந்தன. பாடினாள். குரல் உடைந்தது. மறுபடி பாடினாள். கை அசையவில்லை. இன்னும் உரக்கப் பாடினாள்.

வெளியே பள்ளி வாசலில் பிள்ளைகளை ஏற்றிய பாண்டியன் பஸ் உறுமியபடி நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் இருளாயியின் தோளில் சாய்ந்து ஒருத்தி. கன்னத்தில் ரோஸ் பவுடர்.

அவள் டீச்சரையே பார்த்தாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

பஸ் நகர்ந்தது.