சிவப்புக் கம்பி

முன்னால் குதிரை. அது இழுத்த பெரிய பனிவண்டியில் வனக்காவலர் ரோமன். அவருக்குப் பக்கத்தில் ஹலினா டீச்சர். பின்னால் கயிற்றில் கோத்த சின்னச் சறுக்கு வண்டிகள். முதலாவதில் இகோரும் ஸோஸியாவும். இரண்டாவது ப்ரோனியாவுடையது, அதில் அவளும் டிமெக்கும். கடைசி வண்டியில் மூன்றாம் வகுப்பு இலையுதிர் காலமெல்லாம் பொறுக்கிச் சேர்த்த ஓக் கொட்டை மூட்டை. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல்.

"நகர்ந்து உக்காரு ப்ரோனியா, என் காலு பனியில இழுபடுது."

"உன் காலு நீளம்னா நான் என்ன பண்ண? மடிச்சு வெச்சுக்கோ."

காட்டுக்குள் மான்களின் தீனித்தொட்டியில் கொட்டைகளைக் கொட்டினார்கள். வண்டிக்குத் திரும்பும்போது, புதருக்கடியில் ஸோஸியா ஒரு முயலைப் பார்த்தாள். கழுத்தில் சுருக்குக் கம்பி. உடம்பு விறைத்திருந்தது. மீசையில் பனி.

ரோமன் கம்பியை அவிழ்த்தார். சிவப்பு உறை போட்ட கம்பி. முனையை இரண்டு முறை முறுக்கி, உள்பக்கம் மடித்திருந்தது.

"குழந்தை கை கிழியக் கூடாதுங்கிற மாதிரி மடக்கியிருக்கான், பாவி," என்று முணுமுணுத்தார்.

"யாருன்னு தெரியாதா ஐயா?" என்றான் இகோர். "போன வருஷம் டிமெக்கோட அப்பாதானே கண்ணி வெச்சு மாட்டிக்கிட்டாரு."

"எங்கப்பா இப்ப அதெல்லாம் செய்றதில்ல," என்றான் டிமெக்.

"ஆமா, முயலே வந்து கழுத்த நீட்டிச்சு."

"போதும் இகோர்," என்றார் டீச்சர். ஆனால் அவர் கண்ணும் டிமெக் மேல்தான் இருந்தது.

ப்ரோனியா தன் வண்டியைக் குனிந்து பார்த்தாள். அதன் உடைந்த கட்டையை அப்பா போன வாரம்தான் கட்டிக் கொடுத்திருந்தார். சிவப்புக் கம்பி. இரண்டு முறுக்கு. உள்பக்கம் ஒரு மடிப்பு.

ஒரு கையுறையைக் கழற்றி அதை மூடினாள்.

திரும்பும்போது டிமெக் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. காலிச் சாக்கு கிடந்த கடைசி வண்டிக்குப் போய்விட்டான். காட்டு ஓரத்தில் நெருப்பு மூட்டி சாசேஜ் வாட்டியபோதும் தள்ளியே நின்றான். ப்ரோனியா தன்னுடையதில் பாதியை நீட்டினாள்.

"பசிக்கல," என்றான்.

அவளுக்கும் இறங்கவில்லை.

சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து எழுதினாள்:

'மதிப்பிற்குரிய ரோமன் ஐயாவுக்கு, கண்ணி வைத்தது டிமெக்கின் அப்பா இல்லை. அதே கம்பி என் சறுக்கு வண்டியிலும் இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்கலாம். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தயவுசெய்து இகோரிடமும் சொல்லிவிடுங்கள். இப்படிக்கு, ப்ரோனியா, மூன்றாம் வகுப்பு.'

உறையில் முகவரி எழுதும்போது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"யாருக்கும்மா?"

"வனக்காவலருக்கு. முயலுக்குக் கண்ணி வெச்சது டிமெக் அப்பா இல்லன்னு எழுதியிருக்கேன்."

அப்பா ஜன்னல் வழியே பார்த்தார். வாசலில் சறுக்கு வண்டி சாய்ந்திருந்தது. கையுறை அந்தக் கட்டையோடு உறைந்து ஒட்டிப்போயிருந்தது.

"ஸ்டாம்ப் அந்த டிராயர்ல இருக்கு," என்றார்.

ப்ரோனியா ஸ்டாம்பை ஒட்டினாள். உறையின் ஓரத்தை நக்கி அழுத்தி மூடினாள். ஒரு கை வெறுங்கையாகத் தெருமுனைக்கு ஓடினாள். தபால்பெட்டியின் மூடி பனியில் இறுகியிருந்தது. இரண்டு தட்டு தட்டியதும் திறந்தது.

கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.