ஈரத்தில் சூடேறிய மணிகள்

"ஐயோ, தொடாதீங்க!"

ஷோபனா கூவி முடிப்பதற்குள் அவன் தொட்டேவிட்டான். மழையில் நனைந்த கையால் வெண்ணிற மணிகளை அள்ளியவன், மறுகணமே துள்ளி உதறினான்.

"யம்மா... சுடுதுங்க! இன்னா வச்சிருக்கீங்க டப்பாவுல, நெருப்பா?"

ஜமுனாமரத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கும்போது அவளுடைய டப்பாவின் மூடி கழன்றுவிட்டது. சிந்தியவற்றை வாரித் தரக் குனிந்தவன் அந்த மலைக்காரன். கோபிக்க வேண்டியவள்... சிரித்துவிட்டாள்.

"நெருப்பில்லைங்க, சியோலைட். காயவெச்சு ஈரமெல்லாம் போக்கியிருக்கேன். தண்ணி பட்டா உறிஞ்சிக்கும், சூடாகும்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே... தொடாதீங்கன்னு!"

இமைகளில் மழைத்துளி தங்க, அசடு வழிய அவன் சிரித்தான். அந்தக் கண்களைத் தேவைக்கு மேல் ஒரு கணம் பார்த்துவிட்டோமோ என்று அவள் தலைகுனிந்தாள்.

அவன் பெயர் தங்கவேல். சீத்தாப்பழத் தோப்புக்காரன். அவள் தேடி வந்ததும் சீத்தாப்பழத்தைத்தான். பழத்தைக் கனியவைக்கும் எத்திலீன் என்னும் ஹைட்ரோகார்பன் வாயு, சியோலைட் படிகத்தின் நுண்துளைகளுக்குள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது, எவ்வளவு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது என்று அளப்பது அவளது ஆராய்ச்சி. வாயுவை மணிகள் பிடித்துக்கொண்டால், சென்னை சேரும்வரை பழம் குழையாது.

"ஆனா ஒண்ணு, பெட்டியில பழத்தோட ஈரத்தழை போடக்கூடாது. மணியெல்லாம் அந்தத் தண்ணியையே குடிச்சிடும்" என்றாள்.

"தழை போடாம எங்க வூட்ல பழம் அனுப்பினதே இல்லீங்க."

"இந்த ஒரு தடவை... எனக்காக?"

அந்தக் கடைசிச் சொல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் மறுபேச்சின்றித் தலையசைத்தான். மறுநாள், மணிப்பொட்டலங்கள் வைத்து இறுக மூடிய பெட்டிகளில், அவ்வாண்டின் முதல் பழங்கள் அத்தனையும் மலையிறங்கின.

சென்னை சேர்வதற்குள் அத்தனையும் அழுகிப்போயின. பொட்டலங்களை எடுத்து நிறுத்துப் பார்த்தாள்; மணிகள் முழுவதும் நீர். ஆத்திரத்தில் தொலைபேசியை எடுத்தாள்.

"தழை போட்டீங்கதானே? சொன்னா கேக்கமாட்டீங்களா?"

"போடலீங்க."

"அப்ப தண்ணி எங்கிருந்து வந்துச்சு? பொய் வேற எதுக்கு?"

"நம்பலன்னா விடுங்க" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அவனே அழைக்கட்டும் என்று அவள் இருந்தாள். அவன் அழைக்கவில்லை. ஆய்வகத்தின் கருவிகளுக்கு நடுவே, அவன் குரலைத் தேடும் தன் செவியை அவள் கடிந்துகொண்டாள்... பயனில்லை.

தை மாதத்தில் ஒருநாள், ஏதோ தோன்றிற்று. கண்ணாடிச் சாடியில் ஒரு கொய்யாப் பழத்தையும் சில மணிகளையும் இட்டு மூடினாள். தழை இல்லை, துளி நீரும் இல்லை. மறுநாள் மணிகள் கனத்திருந்தன. பழம் தானே வெளிவிட்ட ஈரத்தை அவை குடித்திருந்தன. துளைகளில் எத்திலீனுக்கு இடமே மிஞ்சவில்லை. இத்தனை காலமும் உலர்ந்த வாயுவை மட்டுமே செலுத்தி அளந்துவந்தவள் அவள். உயிருள்ள பழம் மூச்சுவிடும் என்பதை எண்ணிப் பார்த்தாளில்லை.

அவன் பொய் சொல்லவில்லை.

போளூரிலிருந்து முதல் பேருந்தில் மலையேறினாள். தோப்பில் கிளை கழித்துக்கொண்டிருந்த தங்கவேல், அவளைக் கண்டதும் அரிவாளைத் தாழ்த்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள்.

"இதுக்கா இம்மாந்தூரம்? போன்லயே சொல்லிருக்கலாமே."

"இதுக்கு மட்டும் வரலை... உங்களைப் பாக்கணும் போல இருந்துச்சு. எப்பவுமே அப்படித்தான் இருக்கு."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பின் மெல்ல வாடியது.

"போன வாரம் எனக்குப் பரிசம் போட்டுட்டோங்க. பரிசமாக் குடுக்கற சாமை மூட்டையெல்லாம் பொண்ணு வூட்டுக்குப் போய்டுச்சு."

பரிசம் போட்டபின் பின்வாங்கினால் அந்தப் பெண்ணின் பெயர்தான் ஊர் வாயில் அரைபடும் என்பதை அவன் சொல்லாமலே அவள் உணர்ந்தாள்.

"உங்க போனு வரும், வரும்னு இருந்தேன்... வரல. அம்மா கேட்டாங்க, சரின்னுட்டேன்."

"நான்... போன் பண்ணியிருக்கணும்."

"நானும் பண்ணிருக்கலாங்க. ரோஷம்."

கீழே சாலையில் பேருந்தின் ஒலி கேட்டது. அவள் திரும்பினாள்.

"ஏங்க..."

நின்றாள்.

"எனக்கும் உங்க மேல ஆசைதாங்க. இனிமே அத நான் சொல்லக்கூடாது. ஒருவாட்டி சொல்லிட்டேன்... போய்ட்டு வாங்க."

இன்னொரு முறை சொல்லும்படி அவள் கேட்கவில்லை.