மாநிலங்கள் இருபத்தைந்து

அலகாபாத்தின் சலோரிப் பேட்டையில் அந்த வீட்டுக்கு ராம்பர்வேஷ் வந்து சேர்ந்தபோது காலை பதினோரு மணி. மே மாதத்து அனல் காற்று அதற்குள் தெருவில் ஒரு நாயைக்கூட விட்டு வைக்கவில்லை. தலையில் மூட்டை, கையில் வாளி. வாளிக்குள் அடுப்பு, குக்கர், சப்பாத்திக் கட்டை. மூட்டை முழுக்கப் புத்தகம். காஜிப்பூர்ப் பக்கத்துச் சூளையில் பன்னிரண்டு வயதிலேயே நடைக்குப் பத்துச் செங்கல் சுமந்த தலை அது. புத்தகம் செங்கல்லைவிடக் கனம் என்பது அலகாபாத்துக்கு வந்த பிறகுதான் அதற்குத் தெரிந்தது.

வீட்டுக்காரர் திவாரி ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பனியனோடு முன்னால் படியேறினார்.

"தனி ஆளா?"

"தனி ஆள்தான் மாஸ்டர்ஜி. ரூம் பார்ட்னருக்குத் தாலுகா ஆபீஸ்ல வேலை கிடைச்சுப் போயிட்டான்."

"சிவில் சர்வீஸ் உனக்கு எத்தனாவது தடவை?"

"ஆறு."

"வயசு?"

"வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது."

திவாரி படியில் நின்று திரும்பி அவனை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சாவியை மட்டும் கொடுத்தார்.

மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் மேசை, நாற்காலி. எதிர்ச்சுவர் ஓரம் அடுப்பு வைக்க ஒரு கல். பக்கத்து அறையில் உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். சலோரியில் பரீட்சைக்குப் பதினேழு நாள் இருக்கும்போது தனி அறை கிடைப்பது அதிசயம். அதுவும் இவ்வளவு குறைந்த வாடகைக்கு. ராம்பர்வேஷ் அதிசயத்தை ஆராயவில்லை. படுத்தான். முதுகுக்குக் கீழே தரை தோசைக்கல்லாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனான்.

அந்தப் பேட்டையில் எல்லா அறைக்கும் ஒரே சட்டம்தான். இருவர் தங்கினால் ஒருவன் சமைப்பான், இன்னொருவன் அவன் காதில் விழும்படி உரக்கப் படிப்பான். ரொட்டி தேய்க்கிற அரை மணி நேரமும் வீணாகக் கூடாது. மறுநாள் மாறிக்கொள்வார்கள். யார் வாசிப்பில் தப்பு வந்தாலும் அடுப்பிலிருப்பவன் கத்தித் திருத்துவான். சில சமயம் பக்கத்து அறைக்காரனும் சுவரைத் தட்டித் திருத்துவான். ஐந்து வருஷம் அப்படியே இருந்த ராம்பர்வேஷுக்கு இப்போது வெறும் அடுப்புச் சத்தத்தோடு சமைப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு கை இல்லாத மாதிரி.

மூன்றாம் நாள் முற்பகல் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பின்னால் யாரோ படிக்க ஆரம்பித்தார்கள்.

"கங்கையின் இடக்கரைத் துணையாறுகள். ராம்கங்கா, கோமதி, காக்ரா, கண்டக், கோசி..."

நிதானமான குரல். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கேட்பவன் மனசில் உட்கார இடம் விட்டுப் போகிற குரல். எங்கோ பக்கத்து மாடி என்று நினைத்தான். வெயிலில் சத்தம் எப்படி எப்படியோ வரும். கிழங்கு வெந்து முடிந்ததும் குரல் நின்றது.

மறுநாளும் அடுப்பைப் பற்ற வைத்ததும் வந்தது. மண் வகைகள். அதற்கடுத்த நாள் மௌரியர்கள். ராம்பர்வேஷுக்குப் பிடித்துப்போனது. வருஷக்கணக்காகப் படித்துச் சலித்த விஷயங்கள் அந்தக் குரலில் புதிதாக ஏறின. குரல் வரட்டும் என்று ஒரு நாள் தேவையில்லாமல் இரண்டு ரொட்டி கூடுதலாகப் போட்டான்.

ஏழாம் நாள் குரல் அரசியலமைப்புக்கு வந்தது.

"மாநிலங்கள் இருபத்தைந்து. யூனியன் பிரதேசங்கள் ஏழு. எட்டாவது அட்டவணையில் மொழிகள் பதினெட்டு."

அந்தத் தெருவில் எவனாலும் ஒரு தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ராம்பர்வேஷ் திரும்பாமலே கட்டையைக் கல்லில் தட்டிக் கத்தினான்.

"இருபத்தெட்டுடா! பிரதேசம் எட்டு, மொழி இருபத்திரண்டு! எந்தக் காலத்து நோட்ஸைடா வச்சிருக்க?"

குரல் நின்றது.

அடுப்புச் சீறல் மட்டும் கேட்டது. தவாவில் ரொட்டி கருகியது.

பிறகு மிக மெதுவாக ஒரு கேள்வி வந்தது. அது பக்கத்து மாடியிலிருந்து வரவில்லை. அவனுடைய நாற்காலியிலிருந்து வந்தது.

"எப்போ?"

திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது. மேசைமேல் புத்தகம் மூடித்தான் கிடந்தது. பிசைந்து நாள்பட்ட மாவின் புளித்த வாடை மட்டும் அறை முழுக்க நின்றது.

செருப்பை மறந்து ஓடியவன் தெருமுனை டீக்கடையில்தான் நின்றான். கேலாவன் அங்கே பெஞ்சில் இரண்டு பேர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். ராம்பர்வேஷின் ஊர்க்காரன், நான்கு தடவை தோற்றவன், இன்னும் சிரிப்பை விடாதவன்.

"பேயா? பேய்க்கு வேற வேலை இல்லியா? புளிய மரம், கிணறுன்னு எவ்வளவோ இருக்கு. பரீட்சைக்குப் பொது அறிவு படிக்குதாமே!"

"சத்தியமா கேலாவன். என் நாற்காலிலேருந்து பேசுச்சு."

"அப்ப ஃபீஸ் இல்லாத கோச்சிங்னு சொல்லு. விடைத்தாள் திருத்துமான்னு கேளு, நானும் வர்றேன்."

"விளையாடாதடா. பத்து நாள் உன் ரூம்ல படுத்துக்கறேன்."

கேலாவன் சிரிப்பை நிறுத்தினான். "ஏற்கெனவே நாலு பேருடா. ஒருத்தன் காலை நீட்டினா இன்னொருத்தன் வாய்ல போகுது. எங்க போட்டு உன்னைப் படுக்க வைப்பேன்? பத்து நாள்தானே, பல்லைக் கடிச்சுக்க, கலெக்டரே."

வெறுங்காலோடு திரும்பி நடந்தான். சூளையில் கல் அடுக்கும்போது பாம்பு வந்தால் யாரும் வீட்டுக்கு ஓடுவதில்லை. அடுக்கைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். ராம்பர்வேஷும் ஒரு வழி கண்டுபிடித்தான். சமைத்தால்தானே குரல் வருகிறது? இனிமேல் அடுப்பே வேண்டாம். சத்துமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டு பரீட்சைவரை ஓட்டிவிடலாம்.

மறுநாள் பதினோரு மணிக்கு மாவைக் கரைத்த டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தான்.

அவனுக்குப் பின்னால் அடுப்பு பற்றிக்கொண்டது.

பித்தளைத் தட்டில் மாவு விழுந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம். பிசையும் சத்தம். பிறகு கட்டை கல்லின்மேல் உருளத் தொடங்கியது. சர்... சர்... சர்...

முறை மாறிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

"படி."

அவன் வாயைத் திறக்கவில்லை. கட்டை நின்றது. புளித்த வாடை எழுந்து நடந்து வந்தது. பிடரியில் ஈரமான, மாவு படிந்த ஒன்று தொட்டது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"படி, பார்ட்னர். எப்போ இருபத்தெட்டாச்சு?"

ராம்பர்வேஷ் படித்தான். இரண்டாயிரமாம் வருஷம் நவம்பரில் மூன்று மாநிலங்கள் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தான். பிடரியிலிருந்து கை எடுபட்டது. கட்டை மறுபடி உருண்டது. ஒரு செய்தி முடிந்ததும் அதே கேள்வி.

"அப்புறம்?"

அறைக்கு வந்த மறுநாள் பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கி வைத்திருந்த பொது அறிவு மாத இதழ்கள் மேசை உயரத்துக்கு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தான். இருபத்து நாலு வருஷம். சட்டத் திருத்தங்கள், உடன்படிக்கைகள், ஏவிய ராக்கெட்டுகள், ராம்சார் பட்டியலில் சேர்ந்த புதிய ஈரநிலங்கள்.

"புளூட்டோ இப்ப கிரகம் இல்ல. எட்டுதான்."

"அதையுமா எடுத்துட்டாங்க?" அவ்வளவு களைப்பு அந்தக் குரலில்.

மாலை ஐந்து மணிக்கு அடுப்பு அணைந்தது. இரண்டு தட்டில் ரொட்டி இருந்தது. ராம்பர்வேஷ் தொடவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்தது. இருட்டுவதற்குள் நாமே கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம் என்று கண்ணை மூடி, காலையில் வாசித்ததை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான்.

ஒன்றும் இல்லை.

செங்கல்லைத் தட்டிக் கொட்டிய பிறகு அச்சுப்பெட்டி இருக்குமே, அப்படி இருந்தது மனசு. ஓரங்கள் இருந்தன. உள்ளே எதுவும் இல்லை. வாசித்தது வாயோடு போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் மூட்டையைக் கட்டினான். கதவு திறந்தே இருந்தது, யாரும் தடுக்கவில்லை. தெருவெல்லாம் அலைந்தான். ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தபோது வெயில் கண்ணைக் கட்டியது. பக்கத்தில் ஒரு சாமியார் கல் கூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து தண்ணீர் மொள்ளப் போனார். ஆளில்லாத அடுப்புக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அப்புறம்?"

ராம்பர்வேஷ் அறைக்கே திரும்பிவிட்டான். அங்கேயாவது நிழல் இருந்தது.

படிக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடியேறிய திவாரி வாசலில் நின்றுவிட்டார். இரண்டு தட்டையும் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"உனக்கும் ஆரம்பிச்சிருச்சா?"

"யாரு மாஸ்டர்ஜி அது?" அவன் குரல் காற்றாகத்தான் வந்தது.

"நந்தகிஷோர்னு ஒரு பையன், இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி. பஸ்தி ஜில்லா. அவனுக்கும் அதுதான் கடைசி வருஷம். பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது அனல் அடிச்சிருச்சு. பார்ட்னர் ஊருக்குப் போயிருந்தான். மூணாம் நாள் கதவை உடைச்சோம். கை ரெண்டுலயும் மாவு காய்ஞ்சு கிடந்துச்சு."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா யாரு வருவா?" திவாரி அவனை நேராகப் பார்க்கவில்லை. "மத்தவங்க கிட்ட சும்மா படிக்கும்ப்பா. கேட்டுட்டுப் போயிருவாங்க. ஒருத்தனும் பதில் சொன்னதில்ல. நீ என்னத்தைச் சொன்ன?"

"தப்பைத் திருத்தினேன்."

திவாரி தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

அன்று ராம்பர்வேஷ் ஒரு தந்திரம் செய்து பார்த்தான். பொய்யாகப் படித்துவிடலாம். தப்பும் தவறுமாகச் சொல்லிக் கொடுத்தால் அது எங்கேயாவது தொலையும். "மாநிலங்கள் மு..." என்று தொடங்கினான். நாக்கு நகரவில்லை. ஆறு வருஷமாகச் சரியான விடைக்கென்றே பழக்கிய நாக்கு. மூன்று முறை முயன்றும் அதில் சரியானதுதான் வந்தது.

"அலகாபாத் இப்ப பிரயாக்ராஜ்" என்று வாசித்த நாளில் கட்டை வெகுநேரம் உருளவில்லை.

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"நான் எங்கயும் போகலியே" என்றது குரல்.

ஒரு நிமிஷம் ராம்பர்வேஷுக்குப் பயம்கூடப் போய்விட்டது. சூளையில் கணக்கு முடிந்த பிறகும் வேறு போக்கிடமில்லாமல் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கிழவர்களை அவன் பார்த்திருக்கிறான்.

பரீட்சைக்கு முந்தின நாள் கடைசி இதழின் கடைசிப் பக்கம் முடிந்தது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். இதுக்கு மேல இன்னும் நடக்கல."

கட்டையைக் கீழே வைக்கும் சத்தம். கையைத் தட்டி மாவு உதிர்க்கும் சத்தம்.

"போதும்."

அறை காலியானது. உண்மையாகவே காலியானது; வாடைகூடப் போய்விட்டது. ராம்பர்வேஷ் அழவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை. அரசுக் கல்லூரியின் பெரிய கூடம். இருபத்து நாலு பேருக்கு இடம் போட்டிருந்தார்கள், வந்தது பதின்மூன்று பேர். எப்போதும் பாதிப்பேர் வரமாட்டார்கள். ராம்பர்வேஷுக்குப் பின்னாலிருந்த பெஞ்சும் காலி. அந்த இடத்துக்குரியவன் வரவில்லை என்று கண்காணிப்பாளர் அம்மாள் பட்டியலில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

பொது அறிவு, முதல் தாள். நூறு கேள்வி, இரண்டு மணி நேரம்.

முதல் கேள்வியைப் படித்தான். இதை வாசித்திருக்கிறோம் என்பது தெரிந்தது. எந்தப் பக்கம், எந்த இதழ், அட்டை என்ன நிறம் என்பதுகூடத் தெரிந்தது. விடை தெரியவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். பேனா முனை விடைத்தாள் வட்டத்துக்குமேல் நின்றது. தெரியாததைத் தொட்டால் மதிப்பெண் குறையும். விட்டான். அடுத்ததையும் விட்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பின்னால் ஒரு பேனா வட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

அவசரமில்லை. ஒரு வட்டம், சிறு இடைவெளி, அடுத்த வட்டம். கேள்வித்தாளில் ஒரு பக்கம் புரளும் சத்தம். மறுபடி வட்டம். மின்விசிறிக்கும் மேலாக அது அவனுக்குக் கேட்டது. பக்கத்து வரிசையில் யாரும் தலை நிமிரவில்லை.

ராம்பர்வேஷ் திரும்பவில்லை. திரும்பினால் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாள் பெயரைக் குறித்துக்கொள்வார். பார்த்துத்தான் என்ன ஆகப்போகிறது?

மணி அடித்தபோது அவன் தாளில் முப்பத்தொன்பது வட்டம் கறுத்திருந்தது. மிச்சமெல்லாம் வெள்ளை. முப்பத்தொன்பதில் பாதி குருட்டு அடி. ஆறு வருஷம் அத்தோடு முடிந்தது. தாளைக் கொடுத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தான். அப்பா எதுவும் சொல்லமாட்டார், சும்மாட்டுத் துணியை எடுத்து நீட்டுவார்.

எண்ணி முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அம்மாள் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மேடம், பதின்மூணு எண்ண இவ்வளவு நேரமா?" முன்வரிசையில் ஒருவன் கேட்டான். சிலர் சிரித்தார்கள்.

"பதினாலு வருது" என்றார் அம்மாள்.

மூத்த அதிகாரி வந்தார். பட்டியலில் ஆள் பதின்மூன்று. தலையை எண்ணினார், பதின்மூன்று. தாளை எண்ணினார், பதினாலு. ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார்கள். கடைசித் தாளில் அவருடைய கை நின்றது.

"பதிவெண் எழுதல. ஆனா ஒரு கேள்விகூட விடல. நூறும் போட்டிருக்கு." கூடத்தை நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா இது?"

ராம்பர்வேஷ் மட்டும் பின்னாலிருந்த காலி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்.

"வராதவனோட தாளா இருக்கும் சார். எவனோ நேத்தே எடுத்து விளையாடியிருக்கான்" என்றார் அம்மாள். அவர் குரல் அதை நம்பவில்லை.

அதிகாரி கட்டைவிரலால் ஒரு வட்டத்தைத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

மை இன்னும் காயவில்லை.