நிமிர்ந்து நின்ற வண்டி

அந்தப் புதன்கிழமை காலையில் கவிநிலா செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் தன் புத்தகப் பையை மாட்டினாள்.

அவள் அப்பா தருமன், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து முட்டை ஏற்றி வந்து திருவண்ணாமலையில் போடுகிறவர். புதன்கிழமை என்றால் முதலில் கவிநிலா படிக்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவார். அப்போதெல்லாம் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் மதியச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு முட்டை உண்டு.

பள்ளிக்கூட வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு வண்டியை நிறுத்திவிட்டு, சத்துணவு அமைப்பாளர் ராணியம்மாளைக் கூப்பிட அவர் உள்ளே போனார். சென்டர் ஸ்டாண்டு எப்போதோ ஒடிந்துபோன வண்டி அது. பின்னால் பத்து அட்டை முட்டை கட்டியிருந்தது.

கவிநிலாவின் செருப்பு வார் கழன்றுகொண்டது. குனிந்து மாட்ட வேண்டும். பையை வண்டியின் வலது கைப்பிடியில் தொங்கவிட்டாள், அவ்வளவுதான். வண்டி மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. அவள் எட்டிப் பிடிப்பதற்குள் படுத்தே விட்டது.

முந்நூறு முட்டை உடைந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. சளக்கென்று ஒரு சத்தம், பிறகு வாசல் முழுக்க மஞ்சள்.

பதினோரு முட்டைதான் பிழைத்தன. அவற்றை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வெறும் சோறும் குழம்பும்தான்.

"கவிநிலா, எங்க முட்டையெல்லாம் உங்கப்பா வண்டியே சாப்ட்டுச்சாமே?" என்று வரிசையில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கேலியையாவது அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவுமதியைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அறிவுமதி எப்போதும் பாதி முட்டைதான் சாப்பிடுவாள். மீதிப் பாதியை நோட்டுத்தாளில் சுற்றித் தம்பிக்கு எடுத்துப்போவாள். அன்றும் பழக்கத்தில் ஒரு தாளைக் கிழித்துவிட்டாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கவிநிலாவுக்கு அதன் பிறகு ஒரு வாய் சோறுகூட இறங்கவில்லை.

சாயங்காலம் அப்பா வெறும் அட்டைகளைத் திருப்பி வாங்க வந்தபோது ராணியம்மாள் சொன்னார்: "தருமா, இது மூணாவது வாட்டி. மேல கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? அடுத்த புதன்கிழமையும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்பா."

"சரிங்கக்கா" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது திருஷ்டிதான் எல்லம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். "காலி வண்டியா நிக்கிறப்ப ஒண்ணும் ஆவறதில்ல. முட்டை ஏத்துனா மட்டும்தான் விழுது. அப்போ இன்னா அர்த்தம்? முட்டை மேல யாரோ கண்ணு வெச்சிருக்காங்க."

முதல் தடவை விழுந்தபோதே ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியாயிற்று. இரண்டாவது தடவை விழுந்த பிறகு, பௌர்ணமியன்று வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தார். அவர் காலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

"வண்டிய வித்துடறேன். ஞாயித்துக்கிழமை பாக்க ஒருத்தர் வர்றாரு" என்றார்.

"வித்துட்டு?" என்று அம்மா கேட்டாள். அப்பா சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

கவிநிலா அவர் அருகில் போய் உட்கார்ந்தாள். காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். "அப்பா, நான்தான் வண்டியில பைய மாட்னேன். அதனாலதான் விழுந்துச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அப்பா கண்ணைத் திறக்காமலே அவள் தலையைத் தடவினார்.

"பைய மாட்னா வண்டி விழுமா? உம்மேல தப்பில்லம்மா. நம்ம நேரம் சரியில்ல."

திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆனால் அப்பா கேட்ட கேள்வி அவளை விடவில்லை. பையை மாட்டினால் வண்டி விழுமா?

சனிக்கிழமை அம்மா அவளைச் சாமான் வாங்கச் செங்கம் ரோட்டுக்கு அனுப்பினாள். ஆசிரமத்தைத் தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் வரிசையாக வண்டிகள் நின்றன. ஒரு வெள்ளைக்காரர் தன் வண்டியின் வலது கைப்பிடியில் மூட்டை போன்ற பையை மாட்டிவிட்டு உள்ளே போனார். கவிநிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டி அசையவே இல்லை.

அவள் பின்னால் நகர்ந்து நின்று வரிசையைப் பார்த்தாள். எல்லா வண்டிகளும் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றன. அப்பாவின் வண்டி இப்படிச் சாய்வதில்லை. "நம்ம வண்டி மாதிரி நேரா நிக்கிற வண்டி எது?" என்று அப்பா பெருமைகூடப் பட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி இனியனைக் கூப்பிட்டாள். ரேஷனில் வாங்கிய இருபது கிலோ அரிசி மூட்டையை இருவரும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"அரிசிய எங்கடி தூக்கிட்டுப் போறீங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"திரும்பக் கொண்டாந்துடுவோம்மா" என்றான் இனியன்.

வெறும் வண்டி கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்து நின்றது. இருவரும் முக்கி முனகி மூட்டையைப் பின்னால் ஏற்றினார்கள். பழைய ஸ்பிரிங் கிரீச்சென்று அமுங்கியது. பின்பக்கம் இறங்க இறங்க, வண்டி நிமிர்ந்தது. கடைசியில் தெருவிளக்குக் கம்பம் மாதிரி நேராக நின்றது.

கவிநிலா வலப்பக்கம் போய்க் கைகளை விரித்து நின்றுகொண்டாள். "அந்தப் பக்கம் இருந்து தள்ளுடா. ஒரு விரலால, மெதுவா."

இனியன் சுண்டுவிரலால் தள்ளினான். வண்டி அப்படியே அவள் மேல் வந்தது. அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"அப்பா" என்று கத்தினாள்.

அப்பா ஓடி வந்து வண்டியைத் தாங்கிப் பிடித்தார். "இன்னா வேலை இது? மேல விழுந்திருந்தா?"

"அப்பா, முட்டைக்கு எந்தத் திருஷ்டியும் இல்ல. அரிசி வெச்சாலும் விழுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சுமை ஏத்துனா வண்டி இறங்குது. ஸ்டாண்டு இறங்க மாட்டேங்குது. அதான் நேரா நின்னு அந்தப் பக்கம் விழுது."

அப்பா குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார்.

"மழைக்காலத்துல பண்ணைச் சேத்துல பொதையுதுன்னு நான்தான் ஸ்டாண்டு அடியில ஒரு இரும்புப் பட்டை வெக்கச் சொன்னேன். அதுலதான் நீளமாயிடுச்சு போல" என்றார் மெதுவாக.

பட்டை வைத்தவர் வெல்டிங் கடை பரசுராமன். ஞாயிற்றுக்கிழமையென்றாலும், அவர் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்ததால், மூட்டையோடே வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"கம்மியா வெச்சா நீ கோச்சிக்குவன்னு லாரி ஸ்பிரிங் பட்டையில நல்ல கனமா வெச்சேனே தருமா. சரி, மூட்டைய இறக்கு, அளவு பாக்கலாம்."

"மூட்டைய இறக்காதீங்க மாமா. மூட்டையோட அளந்து பாருங்க" என்றாள் கவிநிலா.

பரசுராமன் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூட்டையோடுதான் அளந்தார். கனமான பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்டாண்டிலும் ஒரு விரல் அளவு குறைத்தார். சேற்றில் புதையாமல் இருக்க அடியில் அகலமாக ஒரு மெல்லிய தகடு வைத்துப் பற்றவைத்தார். இப்போது வண்டி நன்றாகச் சாய்ந்து நின்றது.

வண்டி வாங்க வந்தவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாங்க, வண்டி கோணலா நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அன்றும் மறுநாளும் அவர் முகம் தெளியவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தார்.

புதன்கிழமை காலை. பள்ளிக்கூட வாசலில் வண்டி வந்து நின்றது. பத்து அட்டை முட்டை. அப்பா ஸ்டாண்டைப் போட்டார், கையை எடுக்கவில்லை. ராணியம்மாள் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"கைய எடுங்கப்பா" என்றாள் கவிநிலா.

அப்பா கையை எடுத்தார். அவள் தன் பையைக் கழற்றி, போன வாரம் மாட்டிய அதே வலது கைப்பிடியில் மாட்டினாள். வண்டி அசையவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் லேசாக ஆடி நின்றது.

"ஏய், சாஞ்சிக்கிட்டே நிக்குதே. விழுந்துடாதா?" என்று அறிவுமதி கிசுகிசுத்தாள்.

"சாஞ்சா விழாது" என்றாள் கவிநிலா.

ராணியம்மாள் முதல் அட்டையை எடுத்துக்கொண்டு, "தருமா, அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமா வா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். அப்பா திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க அவருக்கு நேரம் ஆயிற்று.

மதியம் தட்டில் முட்டை வந்தது. அறிவுமதி பாதியைச் சாப்பிட்டாள். பிறகு பையிலிருந்து போன வாரம் மடித்து வைத்த அதே தாளை எடுத்துப் பிரித்தாள்.