ஊசியில் இல்லாத இரை

செத்துக் காய்ந்த ஈயின் வயிறு நேற்றைவிடப் பெருத்திருந்தது. நேற்று ஒன்பது மில்லிமீட்டர், இன்று பதினொன்று. பூச்சிகளை இனம் பிரித்துப் பெயர் வைப்பதே அவள் பிழைப்பு. அளப்பதில் கோட்டைவிட்டது தான்தான் என்று தலையில் குட்டிக்கொண்டு, நேற்றைய குறிப்பை அடித்துத் திருத்தினாள். மூன்றாவது முறையாகத் திருத்துகிறாள்.

அது கொள்ளைக்கார ஈ. பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, கழுத்தில் குத்தி, எச்சிலால் உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்து உறிஞ்சிவிடும். வெறும் கூடு மிஞ்சும். பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். காட்டிலிருந்து அண்ணன் பிடித்துவந்த இந்த ஒன்று எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. இனம் காணும் பட்டியலில் வயிறு தட்டையா, உருண்டையா என்ற கேள்விக்கு வந்ததும் தினமும் வேறொரு பேரினத்துக்குத் தாவியது.

ஈயைக் குத்திய ஊசியில் கோத்திருந்த சீட்டில் அண்ணன் கையெழுத்து: ‘இரையோடு பிடிபட்டது.’ அப்படியென்றால் இரையையும் அதே ஊசியில், ஈக்குக் கீழே குத்தி வைப்பது வழக்கம். இதில் கீழே வெறும் ஊசிதான் பளபளத்தது.

“அந்த இரையை எங்கண்ணா போட்டே?” என்று பக்கத்து அறையைப் பார்த்துக் கேட்டாள். “அது தெரிஞ்சா என் வேலை பாதி முடிஞ்சுடும்.”

“இங்கதான் இருக்கு, குட்டி,” என்றான் அண்ணன், நாற்காலியில் சாய்ந்தபடி.

காட்டிலிருந்து திரும்பிப் பத்து நாளாக அதே நாற்காலி. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான். நடந்தால் காலடிச் சத்தமே கேட்பதில்லை. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தை மறக்கத்தான் இந்த ஈயோடு மல்லுக்கட்டினாள்.

பிற்பகல் வெக்கையில் அந்துருண்டை வாடைக்கு அடியில் வேறொரு வாடை, குமட்டும் இனிப்பாக, கசிந்துகொண்டிருந்தது. மறுபடி அளந்தாள்.

பதின்மூன்று.

இந்த முறை திருத்தவில்லை. நேற்றைய அளவும் சரி. முந்தாநாளையதும் சரி.

எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினாள். “அண்ணா, கழுத்தைக் காட்டு.”

“புழுங்குது. முதல்ல ஃபேனைப் போடேன்.”

பழக்கத்தில் கை சுவிட்சைத் தட்டிவிட்டது. ஃபேன் சுழன்றது. வேகம் பிடித்தது.

நாற்காலி அசையவில்லை. அண்ணன் அசைந்தான். உட்கார்ந்த வாக்கிலேயே காற்றில் எழும்பி, தரையில் இறங்கி, சருகுபோலச் சரசரவென்று சுவரோரம் ஒதுங்கினான். பின்கழுத்தில் ஊசிமுனை அளவு துளை.

முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. சிரித்தது.

“அதே ஊசியில குத்திடு, குட்டி.”