வெந்நீரில் கழன்றவள்

கண்ணாடித் தகட்டைத் தொட்டியிலிருந்து தூக்கினாள். கண்ணாடி மட்டும்தான் வந்தது. முகம் தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

முதலில் அதை அழுக்கு என்றுதான் நினைத்தாள். வெள்ளம் வடிந்த நாளிலிருந்து ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில் அழுக்குக்குப் பஞ்சமில்லை. சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு, மூலையில் ஊறிப்போன அட்டைகளின் புளித்த வாடை, எங்கேயோ ஒரு குழாயிலிருந்து விட்டுவிட்டுச் சொட்டும் ஓசை. அந்த அறையில்தான் சில வாரங்களாகக் கொலைகாரிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். 'குளிப்பாட்டுவது' என்பது காப்பகத்துப் படக்காரரின் சொல். ஊரில் ஆலைகள் புகைந்துகொண்டிருந்த காலத்தில் கொலைக் குற்றம் நிரூபணமான பெண்களைக் காவல்துறை எடுத்துவைத்த படங்கள் அவை. அந்தக் காலத்துப் படம் கண்ணாடியின்மேல் ஒட்டிய மெல்லிய படலம். சேற்றைக் கழுவுவது இவள் வேலை. காய்ந்ததைப் பிரதி எடுப்பது படக்காரர் வேலை.

கண்ணாடியில் எல்லாமே நிறம் மாறித் தெரியும். கறுத்த முகம், நரைத்ததுபோல் வெளுத்த முடி, விழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொத்தல்கள். பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தால் போதும், பொத்தலுக்குள் கண் வந்துவிடும். பேய் மாதிரி இருந்தது, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகிவிடும். எல்லாப் பெண்களும் இரண்டு கைகளையும் விரித்து நெஞ்சின்மேல் வைத்திருப்பார்கள். ஆலைக்காரிகளுக்கு எந்திரத்தில் ஏதாவது ஒரு விரல் போயிருக்கும், அதுதான் அங்க அடையாளம் என்று கைகளையும் சேர்த்தே எடுப்பார்களாம்.

படக்காரர் முதல் நாளே ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார். "பச்சைத் தண்ணிதாம்மா. கை விறைச்சுப்போனாலும் வெந்நீர் மட்டும் கலந்துடாதீங்க. இது பால்மேல ஆடை மாதிரி. சூடு பட்டா அப்படியே கழண்டு வந்துடும்."

அன்றைக்குக் கை விறைத்துத்தான் போயிருந்தது. மகளுக்கு இளைப்பு, ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, விரல் மடங்கவில்லை. டீக்குக் காய்ந்திருந்த வெந்நீரில் ஒரே ஒரு குவளை. யார் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது தொட்டியில் படத்துப் பெண் மிதந்துகொண்டிருந்தாள். முகம், கழுத்து, நெஞ்சின்மேல் இரண்டு கைகள், எல்லாம் ஒரே தோலாக. தண்ணீர் அசைந்தபோது வாய் கொஞ்சம் திறந்து மூடியது. இவள் பதறிப்போய், குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுப்பதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். தோல் சுருங்கியது. கைகளைச் சுற்றிக்கொண்டது. பஞ்சும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை எழுந்து அடங்கியது. உதறினாள், தேய்த்தாள், துண்டால் துடைத்தாள். துண்டில் ஒன்றும் வரவில்லை. உள்ளங்கைகளில் மட்டும் வெங்காயச் சருகின் மினுமினுப்பு.

வெறும் கண்ணாடியை மற்றக் கண்ணாடிகளுக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னும்போது, "அம்மா, இறுக்காதே!" என்று கத்தினாள் குருவி. சாப்பாட்டைக் கொறிப்பதால் அந்தப் பெயர். இவள் குனிந்து பார்த்தாள். ரிப்பன் தரையில் கிடந்தது. பின்னலின் நுனி முடியாலேயே முடியப்பட்டிருந்தது, கடுகளவு முடிச்சு. நகம் போட்டும் பல் போட்டும் பிரியவில்லை; கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படியொரு முடிச்சு இவளுக்குப் போடத் தெரியாது.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அதுதான். துண்டின் குஞ்சங்கள், குருவியின் ஷூக் கயிறு, திரைச்சீலையின் ஓரத்தில் தொங்கிய பிசிறு. அறுந்து தொங்கியது எதுவாக இருந்தாலும் முடிச்சு விழுந்திருந்தது. எப்போது போட்டாள்? பேசிக்கொண்டிருக்கும்போதா? அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதா? கை ஒன்றும் தெரியாத பிள்ளைபோல மடியில் கிடந்தது.

குருவியின் மூச்சு தூக்கத்தில் விசிலடித்துக்கொண்டு போகும். போய்க்கொண்டே இருக்கும்போது ஓரிடத்தில் தடுக்கும். ஒரு கணம் நிற்கும். மறுபடி தொடங்கும். பிறந்ததிலிருந்து அந்த ஓசையில் காதை வைத்தபடிதான் இவள் தூங்குகிறாள். இப்போதெல்லாம் மூச்சு தடுக்கும்போது இவளுக்கு முன்னால் இவள் கைகள் விழித்துக்கொண்டன.

பொறுக்க முடியாமல் படக்காரரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"பீடிகையே பலமா இருக்கே. எத்தனை உடைச்சீங்க?"

"உடைக்கல. கழண்டுடுச்சு."

அவர் வெறும் கண்ணாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாக எதிர்ச்சுவர்தான் தெரிந்தது. கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்துவிட்டார். "எவ்வளவு காலமா உள்ள கெடந்தா! நீங்க விடுதலை பண்ணி அனுப்பிட்டீங்க. விடுங்க, போன வருஷமே ஒரு பிரதி எடுத்தாச்சு."

"அவ யாரைக் கொன்னா?"

படக்காரர் கண்ணாடியைக் கீழே வைத்தார். அந்த வழக்குகளையெல்லாம் அவர் படித்திருந்தார். "பெத்த பொண்ணை. நூற்பாலைக்காரி. ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்துட்டு வந்து பக்கத்துல படுத்திருக்கா. பொண்ணுக்கு இளைப்பு. மூச்சு எங்கயோ தடுக்கியிருக்கு." காதருகே விரலைச் சொடுக்கினார். "எந்திரத்துல நூல் அறுந்தா நின்னு யோசிக்க முடியாதாம்மா. காதுல விழறதுக்குள்ள கை முடிச்சைப் போட்டுடணும். அப்படிப் பழகின கை. 'தூக்கத்துல நூல் அறுந்த சத்தம் கேட்டுச்சு, முடிச்சைப் போட்டுட்டேன், முழிச்சுப் பாத்தா பிள்ளை கழுத்துல முடிச்சு இருந்துச்சு.' இதைத்தான் கடைசிவரைக்கும் திருப்பித் திருப்பிச் சொன்னாளாம்."

"யாரும் நம்பலையா?"

"நீங்க நம்புவீங்களா?"

உழைத்துக் களைத்த கைக்கு உறக்கம் கிடையாது என்பது இவளுக்குத் தெரியும். வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் திரிந்த காலத்தில், தூக்கத்திலும் இவள் கை தலையணையைத் தேய்க்கும் என்று புருஷன் சொல்லிச் சிரிப்பான். நம்பினாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா," என்றார் படக்காரர், "கையை ஏன் பின்னால வச்சுக்கிட்டே நிக்கிறீங்க?"

அன்று மாலை மகளின் கட்டிலருகே உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். சில்லென்று ஏதோ விரலில் பட, விழித்தாள். வலதுகை குருவியின் காதுக்குக் கீழே இருந்தது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் முடியில் ஓர் இழையை, ஒரே ஓர் இழையைப் பிரித்தெடுத்துக் கழுத்தைச் சுற்றி நிதானமாக வளைத்துக்கொண்டிருந்தன.

கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

மறுநாள் விடுமுறை. மழை பிடித்துக்கொண்டதில் மத்தியானமே இருட்டிவிட்டது, மின்சாரமும் போயிற்று. நாத்தனாருக்குச் சொல்லியனுப்பினாள். அவள் சலவைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டோடு காலை ஷிஃப்டும் சேர்த்து முடித்த கையோடு, நனைந்த செருப்பைச் சளக் சளக்கென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி, உசிரு போற அவசரம்?"

"அண்ணி, குருவியை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"இந்த மழையிலயா? இளைப்புக்காரப் பிள்ளையை நனைய வச்சுக் கொல்லச் சொல்றியா?"

"அப்ப நான் வெளிய போறேன்."

"அம்மா போகாதே," என்றாள் குருவி கட்டிலிலிருந்து. பாதிப் பேச்சு விசிலாகத்தான் வந்தது.

"அப்படின்னா என் கையைக் கட்டுங்க அண்ணி. நான் தூங்கணும். என்னால இதுக்குமேல முடியாது. கட்டிட்டுப் பிள்ளை பக்கத்துல நீங்க இருங்க."

நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன் புருஷன் கப்பல்லேருந்து வரட்டும். உன் பொண்டாட்டியைக் கட்டிப்போட்டுத்தான் வச்சிருந்தேன்னு பெருமையா சொல்லிக்கிறேன்." சொன்னாளே தவிர, இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, அழாதே. கையைக் கொண்டா."

கைகளை ஏந்திப் பிடித்தவள் ஜன்னல் பக்கம் திருப்பினாள். "இது என்னடி, உள்ளங்கை வெங்காயத் தோல் மாதிரி உரியுது? எந்தத் தண்ணியில கையை வச்சே?" நகத்தால் ஓரத்தைக் கிள்ளினாள். இத்தனை நாள் எத்தனை தேய்த்தும் அசையாதது, அவள் இழுத்ததும் ஓசையில்லாமல், முழுசாக வந்தது. "சீ, பிசுபிசுங்குது." இரண்டு கைகளாலும் தேய்த்து உருட்டி உதறினாள். கீழே ஒன்றும் விழவில்லை. இவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கண் சொருகிக்கொண்டு வந்தது. இவளைத் தரையில் படுக்கவைத்து, கட்டில் காலோடு சேர்த்து மணிக்கட்டுகளை நாடாவால் கட்டி, தலைக்குக் கீழே தலையணையைத் தள்ளிவிட்டாள் நாத்தனார்.

"தூங்கு. நான் இருக்கேன்ல?"

தூங்கினாள். கிணற்றில் போட்ட கல்லாகத் தூங்கினாள்.

விழித்தபோது மழை குறைந்திருந்தது. வெளிச்சம் இல்லை. ஈரச் சுவரின் வாடை. கட்டிலின்மேல் குருவியின் மூச்சு விசிலடித்துப் போய்க்கொண்டிருந்தது. போனது. தடுக்கியது. நின்றது.

கைகள் அசையவில்லை.

மறுபடி காத்திருந்தாள். மூச்சு போனது, தடுக்கியது. கைகள் செத்த மீனாகக் கிடந்தன. இவளுடைய சொந்தக் கைகள். சிரிப்பு வந்தது. பிழைத்தோம். கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து பிள்ளைக்கு ஏதாவது சூடாகக் கொடுக்க வேண்டும். பல்லால் அவிழ்க்கலாம் என்று மணிக்கட்டின் பக்கம் குனிந்தாள்.

அகலமான நாடாவைத் திரித்து ஒடுக்கி, கடுகளவு முடிச்சு.

அண்ணிக்கு அப்படி முடியத் தெரியாது.

கழுத்தைத் திருப்பினாள். கட்டிலின் தலைமாட்டில், சுவரில் சாய்ந்து, குருவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. சீரான குறட்டை. இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்தவளின் தூக்கம்.

விரல்கள் தூங்கவில்லை.

"அண்ணி!"

குறட்டை.

"அண்ணி! எழுந்திருங்க! அண்ணி!" கட்டில் காலை உதைத்தாள். நாடா தோலுக்குள் இறங்கியது. கட்டில் அதிர்ந்தது. சலவை எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நின்றபடியே தூங்கிப் பழகியவள் அவள். இமைகூட அசையவில்லை.

குருவிதான் கண் திறந்தாள். பாதித் தூக்கம். அம்மாவைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்துச் சிரித்தாள்.

"ஏம்மா கத்தறே? அத்தை தலை பின்னிவிடறாங்க."

"குருவி, எழுந்திரு. எழுந்து இங்க வா. இப்பவே."

"எழ முடியலம்மா. முடியைப் பிடிச்சிருக்காங்க." கண்கள் மறுபடி மூடின. "இறுக்காதீங்க அத்தை…"

இழை இழையாக. காதுக்குக் கீழே. தாடைக்குக் கீழே. அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து.

மூச்சு விசிலடித்துப் போனது. போய்க்கொண்டே இருந்தது.

தடுக்கியது.

அண்ணியின் விரல்கள் இரண்டும் முடியோடு அந்தரத்தில் நின்றன, காது கொடுத்துக் கேட்பதுபோல.